ஆட்டுச் சந்தைக்கு முதன்முறை செல்வோர் அறிய வேண்டியவை

சங்கரன்கோவில் வட்டாரத்தில் திருவிழா என்ற சொல்லைக் கேட்டதும் ஜனங்கள் மனத்தில் தோன்றுவது ஆடித்தபசு. அதற்கு ஆண்டுக்கு ஒரு நாள். இவ்வட்டாரத்துக் குடியானவர்களின் வரவு செலவை நிர்ணயிக்கும் மற்றொரு கூட்டமோ வாரந்தோறும் கூடுகிறது. அதுவே ஆட்டுச் சந்தை. கோவில்பட்டிக்குக் கிழக்கே எட்டயபுரத்தில் சனிக்கிழமை தோறும் கூடும் சந்தையும், திருநெல்வேலியை அடுத்த மேலப்பாளையத்தில் செவ்வாய்க்கிழமை தோறும் கூடும் சந்தையும் தென் ஜில்லாக்களில் பெயர் பெற்றவை. தீபாவளி, பொங்கல், பக்ரீத் ஆகிய பண்டிகைகளுக்கு முந்திய வாரங்களில் அங்கே கூடும் ஜனத்திரளும் ஆட்டுத்திரளும் ஒரு திருவிழாவுக்குச் சிறிதும் குறைந்தவையல்ல.

கூட்டுறவுச் சங்கத்தில் கடன் பெற்று முதன்முறையாக ஆடு வாங்கப் புறப்படும் அங்கத்தினர் இத்திரளின் நடுவே போய் நிற்கிறார். அவர் மடியிலிருப்பது தவணை தவறாமல் திருப்பிக் கட்டவேண்டிய பணம். பத்து நிமிஷப் பேச்சில் அவர் செய்யும் தவறு ஓராண்டுக் காலம் அவருடைய குடும்பத்தையும், பிணை நின்ற அயலாரையும், சங்கத்தையும் வருத்தக்கூடும். ஆகையால் சந்தைக்குப் போகுமுன் அறியவேண்டியவற்றை இங்கு ஒழுங்காக விளக்குதல் பயனுடையதாகும்.

பிற தேசத்துக் கம்பளி விழா

செம்மறியாட்டுக்கென்றே விழா எடுக்கும் தேசங்கள் உண்டு. அமெரிக்காவில் மேரிலாந்து மாகாணத்தில் ஆண்டுதோறும் மே மாதத்திலும், நியூயார்க் மாகாணத்து ரைன்பெக் என்ற ஊரில் அக்டோபர் மாதத்திலும் செம்மறி கம்பளி விழா நடைபெறுகிறது. ஆடு வளர்ப்போர் தங்கள் மந்தையில் கத்தரித்த கம்பளியை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து வைப்பர். மேரிலாந்து விழாவில், ஆட்டின் உரோமத்தைக் கத்தரித்து, நூற்று, அன்றே ஒரு சால்வையாக நெய்து முடிக்கும் போட்டியும் உண்டு.

நமது அங்கத்தினர்கள் அவ்விழாக்களிலிருந்து கருத்திற் கொள்ளத்தக்க விஷயம் ஒன்று இருக்கிறது. அங்கே கம்பளியைத் தரம் பார்ப்பவர் அதைப் பலர் முன்னிலையில் விரித்துப் பார்க்கிறார். இழையின் மென்மை, நீளம், உறுதி, சுத்தம் ஆகியவற்றைச் சோதித்து, எதற்காக ஒன்று முதலாவது, எதற்காக மற்றொன்று இரண்டாவது என்று காரணம் சொல்லுகிறார். விற்பனையும் நிறுவையின் பேரில் நடக்கிறது. முதன்முறை அவ்விழாவுக்கு வருகிற ஒருவர் அரை நாள் நின்று பார்த்தாலே, விலை எதன் மேல் நிற்கிறது என்பதை அறிந்துகொண்டு வீடு திரும்பலாம். நமது சந்தையில் அவ்வறிவு எளிதிற் கிடைப்பதில்லை.

நம் ஆட்டின் செல்வம் எங்கே இருக்கிறது

தமிழ்நாட்டுச் செம்மறி இனங்களில் கம்பளி தருபவை மிகச் சில. நீலகிரி ஆடு மெல்லிய கம்பளி தரும். உள்நாட்டு ஆட்டுடன் மெரினோ முதலிய அயல்நாட்டு இனங்களைக் கலந்ததால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் உண்டானது அவ்வினம். உதகைக்கு அருகிலுள்ள சாண்டிநல்லா ஆராய்ச்சி நிலையத்தில் அது பேணப்படுகிறது. கோயம்புத்தூர் ஆடும் திருச்சிக் கறுப்பு ஆடும் முரட்டுக் கம்பளி தருபவை. கொடைக்கானல் மலையிலுள்ள மன்னவனூரில் 1965-ல் நிறுவப்பட்ட மத்திய சர்க்காரின் ஆராய்ச்சி நிலையத்தில் உயர்ந்த கம்பளியாடுகள் வளர்க்கப்படுகின்றன. இவற்றில் மெல்லிய கம்பளி குளிர்ந்த மலைப்பிரதேசத்துக்கு உரியது.

சங்கரன்கோவிலைச் சுற்றிலும் உள்ள பூமியின் தன்மை வேறு. கிழக்கே கரிசல், மேற்கே மலையடிவாரம் வரை செம்மண். வெயில் கடுமையானது. இங்கு நிலைத்த இனங்களின் உடலில் இருப்பது குட்டையான மயிரே. உஷ்ணத்தைத் தாங்குவதற்கும், முள்ளும் புதரும் நிறைந்த தரிசில் சிக்கிக்கொள்ளாமல் மேய்வதற்கும் அது ஏற்றது. ஆகவே, முதுகைத் தடவிப் பார்த்து ஆட்டை மதிப்பிட இங்கு வழியில்லை. இதன் செல்வம் மூன்று இடங்களில் இருக்கிறது: மாமிசம், தோல், எரு.

மாமிசத்தின் மதிப்பு யாவரும் அறிந்தது. தோலைப் பற்றி அறிந்தோர் குறைவு. கம்பளியாட்டின் தோலைவிட மயிராட்டின் தோல் நெருக்கமும் உறுதியும் உள்ளது. ஆகையால் பதனிடுவோர் அதை விரும்பி வாங்குகின்றனர். ஆட்டின் மேல் முள்வேலி கிழித்த வடுவும் உண்ணி கடித்த தழும்பும் மிகுந்தால் தோலின் தரம் தாழும்.

எருவின் மதிப்போ கணக்கிட்டுப் பார்த்தால்தான் விளங்கும். சாதாரணத் தொழுவுரத்தில் நூற்றுக்கு அரைப் பங்கு தழைச்சத்து இருக்குமானால், ஆட்டெருவில் ஏறத்தாழ மூன்று பங்கு இருக்கிறது. மணிச்சத்தும் சாம்பல் சத்தும் அவ்வாறே மிகுதி. ஆட்டு எரு அவ்வருஷம், மாட்டு எரு மறு வருஷம் என்ற பழமொழி அனுபவத்தில் பிறந்தது. அறுவடை முடிந்த பங்குனி முதல் மறு விதைப்புக்கு முந்திய ஆவணி வரையில் தரிசு நிலங்களில் இரவுதோறும் கிடை அமர்த்துவதும், நிலச்சொந்தக்காரர் அதற்குக் கூலியாகப் பணமோ தானியமோ கொடுப்பதும் இப்பக்கத்தின் பழைய ஏற்பாடு. கோவில்பட்டியை அடுத்த இடைசெவலைச் சேர்ந்த கி. ராஜநாராயணன் தம் குறுநாவல் ஒன்றுக்குக் 'கிடை' என்றே பெயரிட்டார் என்பதிலிருந்து, இவ்வழக்கம் கரிசல் வாழ்வில் எவ்வளவு ஊறியது என்பதை உணரலாம். ஆடு வாங்குபவர் குட்டியின் வருமானத்தோடு கிடையின் வருமானத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

எந்த இனத்தை நாடுவது

தன் கிராமத்து மேய்ச்சலுக்குப் பழகிய இனத்தையே முதன்முறை வாங்குவோர் தேர்ந்தெடுத்தல் நலம். வேம்பூர், மேலக்கரந்தை, நாகலாபுரம் பக்கத்தில் தோன்றிய வேம்பூர் ஆடு வெண்ணிறத்தில் செந்நிறத் திட்டுகளை உடையது. அதனால் அதைப் பொட்டு ஆடு என்பார்கள். உயர்ந்த கால்களுள்ள அவ்வினத்தில் வளர்ந்த கிடாய் சுமார் 35 கிலோவும் பெட்டை சுமார் 28 கிலோவும் நிற்கும். கிடாய்க்குக் கொம்பு உண்டு, பெட்டைக்கு இல்லை. கீழக்கரிசல் ஆடு கருஞ்சிவப்பு நிறமுடையது; தலையிலும் வயிற்றிலும் கால்களிலும் கறுப்புப் படிந்திருக்கும். திருநெல்வேலிச் சீமைக்குரிய செவ்வாடு உருவத்தில் சிறியது. சொற்ப மேய்ச்சலிலும் வாடாமல் நிற்கும். தூரதேசத்து ஆடு பார்வைக்குப் பருத்திருந்தாலும் நமது கோடைக்கு ஈடுகொடுக்குமா என்பதை விசாரியாமல் வாங்கலாகாது.

விலை பேசும் முறை

கால்நடைச் சந்தைகளில் விலை பேசுதல் நெடுங்காலமாகத் துண்டின் மறைவில் நடந்துவந்திருக்கிறது. விற்பவரும் தரகரும், பிறகு தரகரும் வாங்குபவரும், கைகளைத் துண்டால் மூடிக்கொண்டு விரல்களைப் பிடித்து விலை சொல்லுவர். ஒரு விரல் என்றால் ஒன்று, ஐந்து விரலும் என்றால் ஐந்து. அது நூறா ஆயிரமா என்பது உருப்படியைக் கண்டே அவர்களுக்கு விளங்கும். இப்போது வாய்ப்பேச்சும் பெருகிவிட்டது. ஆயினும், பக்கத்து மந்தை என்ன விலைக்குப் போயிற்று என்பது புதியவர் காதில் விழுவது அரிது.

இம்முறையில் இயல்பாகவே ஒரு தீங்கு அமைந்திருக்கிறது. விலை நிறுவையின் மேல் நில்லாமல் கண் மதிப்பின் மேல் நிற்கிறது. வாரந்தோறும் நூற்றுக்கணக்கான ஆடுகளைத் தூக்கிப் பார்க்கும் வியாபாரியின் கை, தராசுக்கு ஏறக்குறைய ஒப்பானது. முதன்முறை செல்பவருக்கு அக்கை இல்லை. கணக்குக்காகக் கிலோ ஒன்றுக்கு 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 25 கிலோ என்று மதித்து வாங்கிய ஆடு உண்மையில் 21 கிலோ நின்றால், உருப்படிக்கு 1,600 ரூபாய் நஷ்டம். இருபது உருப்படிக்கு அது 32,000 ரூபாய். அந்தப் பணத்துக்கும் வட்டி உண்டு என்பதை அங்கத்தினர்கள் மறக்கலாகாது.

இதற்கு எளிய பரிகாரங்கள் இரண்டு. முதலாவது, தொங்கு தராசு ஒன்றைக் கூடவே கொண்டு செல்லுதல். இரண்டாவது, தராசு இல்லாவிடத்துத் தையற்காரர் உபயோகிக்கும் அங்குல நாடாவால் அளத்தல். முன்னங்காலுக்குப் பின்னே மார்பின் சுற்றளவையும், தோள் முனையிலிருந்து பின்புறத்து எலும்பு முனை வரையுள்ள நீளத்தையும் அங்குலத்தில் அளக்கவேண்டும். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் வருவது ஏறத்தாழ உயிர் எடை கிலோவில். உதாரணமாக, சுற்றளவு 27 அங்குலமும் நீளம் 24 அங்குலமும் இருந்தால் எடை சுமார் 26½ கிலோ. இது தராசுக்கு ஈடாகாது; எனினும் வெறுங்கண்ணைக்காட்டிலும் நம்பத்தக்கது.

ஆட்டைச் சோதிக்கும் விதம்

முதலில் வாயைத் திறந்து பல்லைப் பார்க்கவேண்டும். செம்மறியாட்டுக்கு மேல்தாடையின் முன்புறத்தில் பல் இல்லை. கீழ்த்தாடையில் எட்டுப் பல் உண்டு. எல்லாம் சிறிய பால் பல்லாக இருந்தால் ஆடு ஏறத்தாழ ஒரு வயதுக்குட்பட்டது. நடுவில் இரண்டு பெரிய பல் முளைத்திருந்தால் ஒன்று முதல் ஒன்றரை வயது. நாலு பல் என்றால் சுமார் இரண்டு. ஆறு பல் என்றால் சுமார் இரண்டரை முதல் மூன்று. எட்டும் நிரம்பியிருந்தால் அதற்கு மேல். பல் தேய்ந்தோ விழுந்தோ இருந்தால் அது கிழ ஆடு. வறண்ட மேய்ச்சலில் அதனால் பிழைக்க இயலாது. வளர்ப்பதற்கு இரண்டு அல்லது நாலு பல் பெட்டையே உத்தமம்.

அடுத்து, கண்ணின் கீழிமையை மெதுவாக இழுத்து உட்புறத்தைப் பார்க்கவேண்டும். அது நல்ல சிவப்பாயிருந்தால் இரத்தம் குறையவில்லை. வெளிறியிருந்தால் இரைப்பையில் இரத்தம் உறிஞ்சும் புழு மிகுந்திருக்கலாம். தென் ஆப்பிரிக்காவில் இதற்கென்றே ஐந்து நிறங்கள் அச்சிட்ட அட்டை ஒன்றைத் தயாரித்து, அதனோடு இமையை ஒப்பிட்டு, தேவையான ஆட்டுக்கு மட்டும் புழு மருந்து கொடுக்கும் முறையை ஏற்படுத்தினர். இன்று பல தேசங்களில் அது வழங்குகிறது.

மூக்கில் சளி, கண்ணில் பீளை, வாயில் புண், பின்புறத்தில் கழிச்சல் ஒட்டிய கறை இவற்றுள் எது இருந்தாலும் அந்த ஆட்டை மட்டுமன்றி அந்த மந்தையையே விட்டு விலகுதல் வேண்டும். ஆட்டைச் சிறிது நடக்கவிட்டு நொண்டுகிறதா என்று பார்த்துக் குளம்புகளின் இடுக்கைச் சோதிக்கவேண்டும். மடியைக் கையால் தடவி, கட்டியோ கடினமோ இல்லாமல் இரு காம்பும் திறந்திருப்பதை அறியவேண்டும். வயிறு அளவுக்கு மீறிப் புடைத்திருந்தால், எடையும் தோற்றமும் கூடும்படி தண்ணீர் காட்டிக் கொண்டுவந்திருக்கலாம் என்று ஐயுறுதல் தகும். குட்டியோடு விற்கும் தாயாட்டில், குட்டி அதனுடையதுதானா என்பதையும் பார்க்கவேண்டும். தாய் தன் குட்டியை முகர்ந்தறிந்து பால் கொடுக்கும். அயல் குட்டியை முட்டித் தள்ளும்.

இச்சோதனைகளுக்கு விடியற்காலத்து வெளிச்சம் வந்தபின் நின்று நிதானிக்கவேண்டும். இருட்டிலும் அவசரத்திலும் முடிக்கும்படி யார் தூண்டினாலும் இணங்குதல் கூடாது.

வீடு வந்து சேர்ந்தபின்

சந்தையில் பல ஊர் ஆடுகள் ஒன்றாய் நிற்பதால் பல ஊர் நோய்களும் ஒன்றுகூடுகின்றன. ஆட்டுக்கொல்லி என்ற நோய் இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது தமிழ்நாட்டில், விழுப்புரத்தை அடுத்த அரசூர் கிராமத்தில், 1987-ல். அதன்பின் அது தேசமெங்கும் பரவிற்று. உலகத்திலிருந்தே 2030-க்குள் அதை ஒழிப்பது என்று சர்வதேச ஸ்தாபனங்கள் 2015-ல் திட்டம் வகுத்தன. ஒரு தடவை போடும் தடுப்பூசி சுமார் மூன்றாண்டுகள் காக்கும். ஆகையால் தடுப்பூசி போடாமல் புதிய ஆட்டை மந்தையில் சேர்ப்பதற்கு நியாயம் எதுவும் இல்லை. மழைக்காலத்தில் கடிக்கும் சிறு பூச்சிகளால் பரவும் நீலநாக்கு நோய்க்கும், புது மழைக்குப் பின் இளம்புல்லை மிகுதியாக மேய்வதால் திடீரென்று உயிரைப் பறிக்கும் துள்ளுமாரிக்கும் தடுப்பூசிகள் உண்டு. கால்நடை வைத்தியரை உரிய பருவத்தில் கலந்துகொள்ளவேண்டும்.

வாங்கிவந்த ஆடுகளைக் குறைந்தது மூன்று வாரம் வேறு தொழுவில் நிறுத்தி, வேறு தொட்டியில் தண்ணீர் காட்டி, பழைய மந்தையை மேய்ப்பவரே அவற்றையும் தொட்டு வராதபடி பார்த்துக்கொள்ளவேண்டும். ஊர்க்கிடையில் உடனே கொண்டுபோய்ச் சேர்ப்பவர் தம் ஆட்டோடு அயலார் ஆட்டையும் பணயம் வைக்கிறார்.

தவணையும் குட்டியும்

கடன் வாங்குமுன் அங்கத்தினர் கேட்டுக்கொள்ளவேண்டிய முக்கியமான கேள்வி, பணம் எப்போது திரும்பும் என்பதே. ஆட்டின் சினைக்காலம் சுமார் ஐந்து மாதம். சினையில்லாத பெட்டையை வாங்கி, அது ஒரு மாதத்தில் கிடாயோடு சேர்ந்து, ஐந்து மாதம் சுமந்து ஈன்று, குட்டி ஆறு மாதம் வளர்ந்து விலைக்கு நிற்பதற்குள் ஓராண்டு கழிந்துவிடுகிறது. மூன்றாவது மாதத்திலேயே முதல் தவணை கட்டவேண்டுமென்று பத்திரம் எழுதினால், தாயாட்டை விற்றுத்தான் கட்டமுடியும். முதலே அழிந்தபின் கடன் மட்டும் மிஞ்சும். ஆகையால் தவணை குட்டியின் வளர்ச்சியைத் தொடர்ந்து வரும்படி அமைத்துக் கேட்பது அங்கத்தினர் கடமை. அவ்வாறு அமைத்துக் கொடுப்பது நிர்வாக சபையின் கடமை.

கடன் தொகை முழுவதையும் உருப்படி வாங்குவதிலேயே செலவிடுவதும் தவறு. கோடையில் தழையும் தீவனமும் வாங்க, மருந்துக்கு, காப்புறுதிக்கு என்று ஒரு பகுதியை நிறுத்திவைக்கவேண்டும். இருபது முதல் இருபத்தைந்து பெட்டைகளுக்கு ஒரு நல்ல கிடாய் போதும். ஐந்து பேர் நாலு நாலு பெட்டைகளை வைத்திருந்தால் கிடாயைப் பொதுவில் வைத்துக்கொள்ளலாம். அக்கிடாயை இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றினால், தகப்பன் தன் பெண் குட்டியோடு சேர்ந்து வம்சம் நலிவதும் தவிரும்.

சங்கம் செய்யக்கூடியது

தனித்து நிற்பவருக்குச் சந்தை கடினமானது. கூடி நிற்பவர்களுக்கு எளிதானது. சங்கம் ஒரு தராசை விலைக்கு வாங்கி வைத்துக்கொண்டால் பல ஆண்டுகள் எல்லா அங்கத்தினரும் உபயோகிக்கலாம். ஆடு வாங்கச் செல்வோர் தனித்தனியே போகாமல், அனுபவமுள்ள கீதாரி ஒருவரையும் கணக்கறிந்த ஒருவரையும் உடன்கொண்டு ஒரே நாளில் செல்லலாம். இருபது உருப்படியை ஒன்றாக வாங்குபவருக்கு விலை இறங்கும்; வண்டிக் கூலி பங்கிடப்படும்; தரகு எவ்வளவு என்பதை முன்கூட்டியே வெளிப்படையாய்ப் பேசிக்கொள்ளலாம். வண்டியில் ஆடுகளை மிதிபடும்படி நெருக்கி ஏற்றுதல் 1978-ம் வருஷத்துக் கால்நடைப் போக்குவரத்து விதிகளுக்கும் விரோதம், முதலுக்கும் சேதம்.

இவற்றோடு ஒரு நோட்டுப் புத்தகமும் அவசியம். சந்தைக்குச் சென்று வரும் ஒவ்வொரு அங்கத்தினரும் தேதி, உருப்படி, பல், எடை, கொடுத்த விலை, செலுத்திய தரகு இவற்றைச் சங்கத்தில் எழுதிவைப்பாராகில், ஓராண்டில் அப்புத்தகமே சந்தையின் உண்மை விலையைக் காட்டும் கண்ணாடியாகிவிடும். கம்பளி விழாவில் பலர் முன்னிலையில் தரமும் நிறுவையும் சொல்லப்படுவதால் உண்டாகும் நன்மை, ஒரு கோடு போட்ட நோட்டினால் நமது கிராமத்திலும் உண்டாகும். துண்டின் மறைவில் பேசிய விலை சங்கத்தின் மேஜை மீது எழுத்தில் நின்றால், அடுத்த வாரம் முதன்முறை சந்தைக்குப் புறப்படும் ஏழை அங்கத்தினர் வெறுங்கையராய்ப் போகமாட்டார். தமக்கு முன் சென்ற அத்தனை பேருடைய அனுபவத்தையும் துணைகொண்டு போவார்.